ஹீட்டர் லைன்

“மத்ததெல்லாம் மெல்லப் பாத்துக்கிடலாம் அண்ணாச்சி. முதல்ல பாத்ரூம் ஹீட்டருக்கு லைன் குடுத்துருங்க.”

திருப்பூரில் வேலை பார்க்கும் கோமதிசங்கர் காலையிலிருந்து போனில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். எலெக்ட்ரீஷியன் செல்லச்சாமிக்கு எரிச்சல் வந்தது.

“வீடு பூரா இடுப்பளவு தண்ணி நின்னுருக்கு தம்பி. சுவரு இன்னும் ஊறிப்போய்க் கெடக்கு. எல்லாத்தையும் செக் பண்ணாம மெயினைப் போட முடியாது.”

“ஹீட்டருல ஒண்ணும் ஆயிருக்காது. திருப்பூருக்குப் பொறப்பட்ட அன்னைக்கு நானே மாட்டுனது. நான் பஸ் ஏறுன கையோட வெள்ளம் வந்துட்டு. புத்தம் புதுசு, ஒருத்தரும் ஒரு நாள்கூடக் குளிக்கல.”

சங்கரன்கோவிலில் விடாமல் அடித்த மழையில் குளத்துக் கரை உடைந்து, அந்தத் தெரு முழுக்கத் தண்ணீர் புகுந்திருந்தது. தண்ணீர் வடிந்து நாளாகியும் சுவர்களில் சேற்றுக் கோடு அழியவில்லை.

மெயினை அணைத்து பியூஸைக் கழற்றியிருப்பதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு, செல்லச்சாமி ஹாலில் இருந்த பிளக் பாக்ஸைத் திறந்தார். உள்ளேயிருந்து கலங்கல் தண்ணீர் வழிந்தது. திருகாணிகளிலும் ஒயர் முனைகளிலும் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. இந்த வீட்டில் ஒரு ஒயரைக்கூட நம்ப முடியாது என்று நினைத்துக்கொண்டார்.

கோமதிசங்கரின் மனைவி ஷீலா டீ கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டும்போது முந்தானை விலகியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வெந்து சுருங்கியிருந்தது.

“என்னம்மா இது?”

“வென்னி கொட்டிருச்சு.” அவள் அவசரமாக முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

“பிள்ளை எங்க, சத்தத்தையே காணும்?”

“பனவடலிசத்திரத்துல எங்க அம்மை வீட்டுல விட்டுருக்கேன்.”

அவர் போன் மறுபடியும் அடித்தது. அந்தச் சத்தத்துக்கே ஷீலாவின் தோள் ஒடுங்கியதைச் செல்லச்சாமி கவனித்தார்.

“லைன் குடுத்தாச்சா? அவ எங்க, போனை எடுக்க மாட்டுக்கா?” கோமதிசங்கரின் குரல் தடித்திருந்தது. “நாளைக்குக் காலையில நான் வந்து எறங்கும்போது வென்னி ரெடியா இருக்கணும். அவளையே ஹீட்டரைப் போட்டு வைக்கச் சொல்லுங்க.”

செல்லச்சாமி வீட்டின் பின்பக்கம் போனார். பாத்ரூம் சுவரை ஒட்டி, கசியும் கரண்டை இழுத்துக்கொள்ளும் எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்கியிருந்தது. சேறு அப்பிப் பச்சை பிடித்துக் கிடந்த அந்தக் கம்பி நடுவில் இரண்டாகியிருந்தது.

குனிந்து பார்த்தார். தண்ணீர் அறுத்ததில்லை, யாரோ கட்டிங் பிளையரால் நறுக்கியிருந்தார்கள். நறுக்கிய முனை மட்டும் பளபளவென்று மின்னியது.

உடனே பாத்ரூமுக்குள் போய் ஹீட்டர் மூடியைக் கழற்றினார். கரண்ட் ஒயர் ஒன்றின் தோலை உரித்து, ஹீட்டரின் இரும்பு உடம்போடு சேர்த்து முறுக்கி வைத்திருந்தது. மெயினைப் போட்டபிறகு யாராவது ஹீட்டர் குழாயைத் தொட்டால், அடுத்த மூச்சு இருக்காது.

‘நானே மாட்டுனது... அவளையே போட்டு வைக்கச் சொல்லுங்க...’

செல்லச்சாமி கழற்றிய மூடியைக் கீழே வைத்தார். எத்தனையோ வீட்டில் எத்தனையோ கோளாறு பார்த்திருக்கிறார். இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு ஷீலாவைக் கூப்பிட்டார்.

“தாயி, பயப்படாமக் கேளு. இது வெள்ளத்துல கெட்டது இல்ல. வேணும்னே ஆளைக் கொல்லுததுக்குச் செஞ்சு வச்சிருக்கு.”

அவள் பார்வை திறந்து கிடந்த ஹீட்டர் பக்கம் போனது.

“உன் புருஷன்தான் மாட்டுனேன்னு சொல்லுதான். வெள்ளம் வந்து கரண்ட் போனதாலதான் நீ இன்னைக்கு உசுரோட நிக்க. அவன் வாரதுக்குள்ள நீ உங்க அம்மை வீட்டுக்குப் போயிரு. போலீஸ் ஸ்டேஷனுக்கு நான் வாரேன், சாட்சி சொல்லுதேன்.”

ஷீலாவின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பாவம், அதிர்ச்சியில் உறைந்துபோய்விட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. தன் மகள் வயதுதான் இருக்கும்.

“நீ வெளிய போய் நில்லும்மா. முதல்ல இந்த ஒயரைப் பிரிச்சு விட்டுருதேன்.”

ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அவர் திரும்பினார். ஷீலா குறுக்கே வந்து, பாத்ரூம் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். வெள்ளத்தில் கிடந்த கம்பியில் நறுக்கிய முனை மட்டும் பச்சை பிடிக்காமல் மின்னியது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“அது அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி. நாளைக்கு அவரு வந்து குளிச்சிரட்டும்.”