கூரையில் ஒரு வட்டம்

தல்லாகுளம் வீட்டுக் கூடத்தில், மடித்துப் போட்ட பழைய வேட்டியின் மேல் மல்லாந்து கிடக்கிறாள் ரஞ்சனி. மாதம் நிறையாமல் பிறந்தவள். இன்னும் குப்புற விழவில்லை. நகரும் பொருளோடு அவள் கண்ணும் போகிறதா என்று கவனித்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அன்றிலிருந்து அப்பா கைலாசநாதன் ஆபீஸ் கிளம்புமுன் தரையில் உட்கார்ந்து கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்க்கிறார். இன்றும் அவள் அதைச் சட்டை செய்யவில்லை. கூரையையே பார்த்தபடி கால்களை உதைக்கிறாள். அப்படி அங்கே என்னதான் இருக்கிறது? இஸ்திரி போட்ட சட்டை கசங்க, அவரும் பக்கத்தில் மல்லாந்து படுக்கிறார். அவர் காபி குடித்துவிட்டு ஜன்னலடியில் வைத்த டபராவில் வெயில் பட்டு, கூரையில் ஒரு வெள்ளை வட்டம் விழுந்திருக்கிறது. தெருவில் பஸ் போகும்போதெல்லாம் அது நடுங்குகிறது. படுத்தபடியே கையை நீட்டி டபராவை மெல்லச் சாய்க்கிறார். வட்டம் நகர்கிறது. ரஞ்சனியின் கண்களும் நகர்கின்றன.

"மைத்ரேயி, சித்த இங்க வாயேன்!"

அடுக்களையிலிருந்து ஈரக்கையோடு ஓடி வருகிறாள் அம்மா மைத்ரேயி. "என்ன ஆச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகலை. இப்படிப் படுத்துண்டு இவ கண்ணை மட்டும் பாரு."

டபரா மறுபடி சாய்கிறது. வட்டம் கூரையில் ஊர்ந்து, சுவரில் இறங்குகிறது. குழந்தையின் கழுத்தும் அதன் பின்னாலேயே திரும்புகிறது. வெளிச்சம் பீரோவுக்குப் பின்னால் போய் மறைந்த பிறகும், புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அந்த இடத்தையே பார்க்கிறாள் ரஞ்சனி. அது எங்கே போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.