தென்மேற்கு மூலை

இரவெல்லாம் மழை கொட்டியும் பூங்காவில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. ஓடி வந்த வீரவேணி படிக்கட்டின் உச்சியில் நின்று கீழே பார்த்தாள். இரண்டாள் ஆழப் பள்ளத்தில் கல் பெஞ்சுகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"வாம்மா வேணி. கோதாவரியில மூணாவது வெள்ள எச்சரிக்கை குடுத்தும் நம்ம பார்க்கைப் பாரு." நகராட்சி சேர்மன் பொன்னாடையைப் போர்த்தினார். பின்னால் போட்டோக்காரர், பூதரேகுலு இனிப்பு டப்பாவோடு நாலு பேர்.

போன வருஷம் அவள் வரைபடத்தோடு போனபோது, எந்தத் தெரு, யார் மகள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, உட்காரச் சொல்லாமலே பேசி அனுப்பியவர். இன்றைக்கு நாற்காலி வந்திருந்தது.

அவள் தெரு பேட்டை. ஆற்றில் வெள்ளம் வந்து கரை மதகை அடைத்தால், வெளியேற வழியில்லாத ஊர்க் கால்வாய்த் தண்ணீர் திரும்பிவந்து நுழைவது அங்கேதான். அந்தப் பேட்டையில் முதலில் பட்டம் வாங்கியவள் வரைந்து கொடுத்தது, பேட்டையை ஒட்டிய இந்தப் பூங்கா. ஒரு வெள்ளத்திலாவது அம்மா வீட்டில் இருந்து சோறாக்க வேண்டும் என்பதற்காக.

வேணி சிரிக்கவில்லை. கால்வாய்ப் பக்கத்துச் சுவரில் தன் வரைபடப்படி வைத்த ஓட்டைகள் எங்கே என்று கேட்டாள்.

"அதுவா? வாஸ்து சித்தாந்தி வந்து பார்த்தாரு. தென்மேற்கு மூலையில ஓட்டை இருந்தா தலைமைக்கு ஆகாதாம். முந்தாநாளே சிமென்ட் வச்சுப் பூசிட்டோம்." சேர்மன் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். "சின்னப் பொண்ணு, உனக்குத் தெரிஞ்சிருக்காது."

செல்போன் அடித்தது. அம்மா. அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தாகிவிட்டது, இனிக் கட்டிலைத் தூக்கி எதன்மேல் வைப்பது என்று நிதானமாகக் கேட்டாள். பக்கத்து வீட்டு மாடிக்கு உடனே போகச் சொல்லிவிட்டு வேணி போனை வைத்தாள்.

"பேட்டையில தண்ணியா?" சேர்மனுக்கு நம்பிக்கை வரவில்லை. "அதெப்படி? இவ்வளவு பள்ளத்துல இருக்கு, இந்தப் பார்க்கே முங்கலையேம்மா."

வேணி பொன்னாடையை எடுத்து, ஒழுங்காக மடித்து, அவர் கையில் கொடுத்தாள்.

"முங்குறதுக்குத்தான் சார் அதைக் கட்டினதே."