குலுங்காத வால்சில்லு

"இந்த முறை அவவைக் காரிலை கூட்டிக்கொண்டு போவம், லீசா. போன வருசம் நீ இறக்கின இறக்கிலை அவவுக்குக் கை முறிஞ்சது," என்றாள் மரியகொறற்றி.

ஒஸ்லோவுக்கு வெளியே, தன் இரண்டு சீட் விமானத்தின் வாலடிச் சக்கரத்தருகே குந்தியிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"அதுக்குத்தானம்மா வால்சில்லின்ரை பழைய தகட்டைக் கழட்டிப்போட்டுப் புது ஷொக் அப்சோபர் பூட்டினனான். இனிப் புல்லுத் தரையிலை இறங்கினாலும் பின்சீட் குலுங்காது. அவ வானத்தாலை வாறதைப் பாக்கத்தானே பிள்ளையள் காத்துக்கொண்டு நிக்கிதுகள்?"

"பாவமடி அவ."

"கை முறிஞ்சும் அவ முகம் சுழிக்கேல்லை. நீங்கள்தான் அழுதனீங்கள்."

"சரி, பெல்ட்டை இறுக்கிக் கட்டு. தலையைச் சால்வையாலை சுத்திவிடு."

மரியகொறற்றி முதலே காரில் போய், மலையடிவாரப் புல்வெளியில் பதறிக்கொண்டு நின்றாள். விமானம் இறங்கி, மேடு பள்ளமெல்லாம் மெத்தைபோல ஓடி நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து சால்வையை விலக்கினாள்.

மாதா சுரூபத்தின் இரண்டு கைகளும் பத்திரமாக இருந்தன.

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான்கு பேர் மாதாவைத் தூக்கித் திருவிழாவுக்குச் சோடித்திருந்த சுரூபக் கூட்டில் வைத்தார்கள்.

மரியகொறற்றி காலியான பின்சீட்டை ஒருமுறை கையால் அழுத்திப் பார்த்தாள்.

"லீசா, திரும்பிப் போகேக்கை அவ காரிலை வரட்டும். இதிலை நான் வாறன்."