குதிரை மாதிரி இருக்கேன்

இதயத்துக்கு ஆபரேஷன் முடிந்தது. எல்லாரும் அதையே விசாரித்தார்கள். முதுகோரம் கிடந்த சிறுநீரகத்தை யார் கேட்பார்கள்? அதுதான் மேலே பார்த்துக் கேட்டது.

"எப்படி இருக்கே அண்ணே?"

"எனக்கென்னடா, குதிரை மாதிரி இருக்கேன்" என்றது இதயம். நிஜத்தில் பாதி ரத்தத்தைக்கூட அதனால் தள்ள முடியவில்லை. சொல்ல வெட்கம்.

சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் குறைந்தது. அண்ணன் நன்றாக இருக்கிறான், அப்படியானால் உடம்பில்தான் தண்ணீர்ப் பஞ்சம் என்று அது முடிவு கட்டியது. தான் பட்டினி கிடந்தபடி, ஒரு சொட்டையும் வெளியே விடாமல் சேர்த்துவைத்தது. கால் வீங்கியது. நுரையீரலில் நீர் கோத்தது. அத்தனை சுமையும் இதயத்தின் மேலேயே ஏறியது.

"அடேய், என்னை ஏன்டா மூழ்கடிக்கிறே?"

"உனக்காகத்தான் அண்ணே சேர்த்தேன். முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"



மருந்து ஏற்றினார்கள். இதயம் மெல்லத் தேறியது. இப்போது ரத்தத்தை நிறையவே அனுப்பியது.

"வந்துச்சா தம்பி? எப்படி இருக்கே?"

சிறுநீரகம் வாடிச் சுருங்கிக் கிடந்தது. டயாலிசிஸ் மெஷினைக் கட்டிலருகே உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

"எனக்கென்ன அண்ணே, குதிரை மாதிரி இருக்கேன்" என்றது.