அடி அண்ணாமலை தாண்டி

“மலைக்கு அந்தாண்ட, அடி அண்ணாமலை தாண்டிக் கொண்டுபோய் விடுங்க. கிட்டக்க விட்டா மறுநாளே வந்து நிக்குது, சனியன்!”

உண்ணாமலை கட்டிலில் உட்கார்ந்தபடியே கத்தினாள். வாசலில் அவள் புருஷன் சின்னசாமி, கம்பிக் கூண்டைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். கூண்டுக்குள் பாதி வால் அறுந்த அணில் ஒன்று அங்கும் இங்கும் தாவிக்கொண்டிருந்தது.

கூண்டைச் செய்து கொடுத்தவர் ஜானி பாஷா. தேரடிப் பக்கம் தகரப் பட்டறை வைத்திருப்பவர். கதவு ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று உண்ணாமலை சொல்லி அனுப்பியதால் வந்திருந்தார். இறுக்கிக் கொடுத்தாகிவிட்டது. அணிலின் வாலைப் பார்த்தபடி அவர் நின்றார்.

“நேத்தும் இதுதான், முந்தாநாளும் இதுதான் பாய்” என்றாள் உண்ணாமலை. “மரத்துல ஒரு கொய்யா உருப்படியா இல்ல. வடகம் காய வெச்சா துணியோட கொறிச்சிட்டுப் போவுது. தலையணையைக்கூட விடல, கடிச்சு நார் நாராக்கி வெச்சிருக்குது. உங்க கூண்டுல எதுனா கோளாறா?”

பாஷாவுக்குச் சுருக்கென்றது. “பிடிக்கிறதோட கூண்டு வேலை முடிஞ்சிடுச்சு தங்கச்சி. எங்க கொண்டுபோய் விடறாருன்னு அவரைத்தான் கேக்கணும்.”

சின்னசாமி தலை நிமிரவில்லை. மாசி மாதத்திலிருந்தே ரைஸ் மில் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடக்கிறவன். தெருவில் அவனைப் பற்றி நல்ல பேச்சு இல்லை.

“இன்னும் இன்னா முடிச்சு போட்டுனு இருக்கீங்க? கிளம்புங்க, கிளம்புங்க!” என்று விரட்டினாள். அவன் சைக்கிளில் ஏறியதும், “வெயிலா இருக்குது, மெதுவாவே போங்க. அங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க” என்று குரல் கொடுத்தாள்.

பாஷா குடிக்கத் தண்ணீர் கேட்க வாயெடுத்தார். அதற்குள், “கதவைச் சாத்திட்டுப் போங்க பாய்” என்றுவிட்டாள். அவர் படி இறங்குவதற்குள் உள்ளே டிரான்சிஸ்டர் அலறத் தொடங்கியது. யாரோ செய்தி வாசிப்பது தெருமுனை வரைக்கும் கேட்டது.

பாவம் அந்த மனுஷன், இப்படிப்பட்டவளிடம் மாட்டிக்கொண்டானே என்று நினைத்தபடியே பாஷா நடந்தார். ஐயங்குளத்தருகே வந்ததும் அந்த நினைப்பு மாறிவிட்டது.

குளத்துச் சுவரில் சாய்ந்து நின்றது சின்னசாமியின் சைக்கிள். கூண்டுக் கதவு திறந்திருந்தது. பாதி வால் அணில் சுவர்மேல் ஓடி, வந்த வழியே தெருவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

சின்னசாமி படியில் உட்கார்ந்து, உள்ளங்கையால் தண்ணீரை அள்ளிச் சட்டையின் முதுகில் விட்டுக்கொண்டிருந்தான். கழுத்திலும் கொஞ்சம் தெளித்துக்கொண்டான்.

“அடப்பாவி!” என்றார் பாஷா. “தண்ணியை ஊத்திக்கினு போய், வேர்த்துக் கொட்டுதுன்னு சொல்லப் போறியா? உடம்பு எளச்சு, குந்தின எடத்துலயே குந்தினு தங்கச்சி அணிலோட மாரடிக்குது. நாலு மிதி மிதிச்சு மலை அந்தாண்ட போவ உனக்கு வலிக்குதா? கெட்ட பேரு எம் மேல!”

சின்னசாமி திரும்பிப் பார்த்தான். அவன் கண்கள் சிவந்திருந்தன.

“உக்காருங்க பாய்.”

பாஷா உட்காரவில்லை.

“அவளுக்கு வயித்துல கட்டி. வேலூர்ல பார்த்தோம். இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னுட்டாங்க. மதியம் ஆச்சுன்னா வலி வந்துடும்.”

பாஷா மெல்லப் படியில் அமர்ந்தார்.

“என் எதிர்ல ஒரு முனகல் கிடையாது. பல்லைக் கடிச்சினு கிடப்பா. இன்னா பண்ணுதுன்னு கேட்டா, ஒண்ணுமில்ல, பித்தம்னுவா.” சின்னசாமி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். “மொதல்ல நெசமாவே அடி அண்ணாமலைக்குத்தான் போனேன் பாய். ஒரு நா பாதி வழியில டயர் பஞ்சராகித் திரும்பி வந்தேன். ரேடியோ சத்தத்தையும் மீறி தெருவுல கேட்டுச்சு. ஐயோ அம்மா, அம்மான்னு கத்தினா. கதவைத் தட்டக் கையத் தூக்கினேன். தட்டல. இங்க வந்து உக்காந்துட்டேன்.”

“நீ கேட்டது தங்கச்சிக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா அதையும் அடக்கிக்குவா.”

பாஷா கூண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, திறந்த கதவைச் சாத்தினார், திறந்தார்.

“நாளைக்குப் பிடிச்சதும் எங்கிட்ட குடுத்துடு” என்றார் கடைசியில். “செங்கம் போற லாரியில ஏத்தி விட்டுடறேன். இந்த அணில் தொல்லையாச்சும் உங்களுக்குக் கம்மியாவட்டும்.”

சின்னசாமி பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வேணாம் பாய். அது வரலைன்னா, நாளைக்கு அவ எப்படி அழுவா?”