வயிறு நிறைந்த மீன்கள்

தைவானின் தைனான் நகரில் மழை விட்ட மாலை. கொசு ஒழிப்புக்கு வந்திருக்கும் குவோ அக்கா, யூலானின் தாமரைத் தொட்டிக்குள் டார்ச் அடிக்கிறாள். கொசுப்புழு இருந்தால் தொட்டியைக் கவிழ்த்தாக வேண்டும். யூலான் மூன்று வருடமாகக் காத்திருந்த முதல் மொட்டு நாளை விரிந்துவிடும். வெளிச்சத்தில் புழுக்கள் நெளிகின்றன. அவற்றைத் தின்னவென்று விட்ட மீன்கள் பக்கத்திலேயே சும்மா மிதக்கின்றன. “ஏம்மா, உன் மீனுங்க விரதமா?” என்கிறாள் குவோ அக்கா. யூலானின் கணவன் தலையைச் சொறிகிறான். “பாவம், பசிக்குமேன்னு தினமும் கொஞ்சம் சோறு போடுவேன்...” “நல்லா மாப்பிள்ளை விருந்து வச்சீங்க, போங்க!” என்று சிரிக்கிறாள் குவோ அக்கா. யூலான் சிரிக்கவில்லை. மீன்களை ஒவ்வொன்றாக வாளிக்கு மாற்றுகிறாள். மொட்டைத் தொடாமல் எழுந்து, கணவனுக்கு வழிவிட்டு நிற்கிறாள். “கவுத்துங்க. நீங்களே கவுத்துங்க.”