பனிவாள் வீரன் அழக் கூடாது

பிளக் பாயின்ட்டை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்த சிறுமி நேத்ரா, அந்த ஒயரின் பக்கம் யாரையும் விடவில்லை.

ஒயரின் மறுமுனையில் ஐஸ் பெட்டி இருந்தது. அதற்குள் அவளுடைய அப்பா பிரபு.

வீட்டில் அழாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

பெட்டியைக் கொண்டுவந்த சோலைமலை அவளுக்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நின்றார். வழக்கமாகப் பெட்டியை ஓடவிட்டதும் வெளியே போய் வண்டியில் படுத்துக்கொள்வார். இன்று வோல்டேஜ் ஏறி இறங்குகிறது, கிட்ட நின்றுதான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

ஸ்டெபிலைசரின் முள் அசையாமல் நின்றது.

நாகல்நகர்ச் சந்துக்குள் சின்ன வீடு. பெட்டி போக மிச்சமிருந்த இடமெல்லாம் பெண்கள் நெருக்கி உட்கார்ந்துவிட்டார்கள். இனி அவர் நினைத்தாலும் வெளியே போக வழியில்லை.

அந்த வீட்டில் யாரும் அவர் பெயரைக் கேட்கவில்லை. பெட்டிக்காரரே என்றுதான் கூப்பிட்டார்கள்.

நேத்ரா அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அங்கிள், நீங்க பனிவாள் வீரன் மாதிரிதானே?"

அவள் போட்டிருந்த பனியனில், நீல முடியும் பனிக்கட்டி வாளுமாக ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் வீரன் முறைத்துக்கொண்டிருந்தான்.

யாருக்கும் கேட்காத குரலில் அவளே கதையைச் சொன்னாள். சண்டையில் அடிபட்டுச் சாகக் கிடக்கும் தோழர்களைப் பனிவாள் வீரன் ஐஸுக்குள் உறைய வைப்பான். வைத்தியர் வந்ததும் அவர்கள் எழுந்துவிடுவார்கள். ஆனால் அவன் அழக் கூடாது. அவன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்தாலும் ஐஸ் முழுக்க உருகிவிடும். உள்ளே இருப்பவர் பிழைக்க மாட்டார்.

"அதனால நீங்க அழுதுறாதீங்க. நானும் அழுகல பாருங்க."

சோலைமலை தலையை மட்டும் ஆட்டினார்.

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவர் எந்த வீட்டிலும் அழுததில்லை. உடலைத் தொட்டதும் இல்லை. அதற்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். இன்று மட்டும், பெட்டிக்குள் தூக்கி வைத்தபோது, தலைமாட்டை அவரே தாங்கினார்.

அப்படியெல்லாம் இல்லை என்று இவளிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு குழந்தையின் மனதில் பொய்யை வளரவிடுவது கடவுளுக்கு அடுக்காது. ஆனால் வாயைத் திறந்தால் குரல் உடையும். குரல் உடைந்தால் கண்ணும் நிற்காது.

அவளோ அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டிக்காரன் மூஞ்சியப் பாரு" என்று வாசலில் யாரோ சொல்வது கேட்டது. "தெனமும் சாவப் பாத்துப் பாத்து கல்லாவே இறுகிப்போயிட்டான்."

பக்கத்து வீட்டு குர்ஷித் பேகம் டீ கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். சொந்தக்காரர்களைத் தாண்டி வந்து, முதல் கப்பைச் சோலைமலையிடம் நீட்டினார்.

"காலையில இருந்து நின்ன எடத்துலயே நிக்கிறீங்களே தம்பி. எல்லாருக்கும் காயிற தொண்ட உங்களுக்கு மட்டும் காயாதா? குடிங்க."

எந்தச் சாவு வீட்டிலும் யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

கண் நிறைந்துவிட்டது. கொதிக்கிற டீயில் பாதியை ஒரே மடக்கில் வாயில் கவிழ்த்தார்.

"அங்கிள்! அழுறீங்களா?" நேத்ரா பதறினாள்.

"டீ சூடு, பாப்பா."

அவள் எழுந்து, கப்பைத் தன் பக்கம் சாய்த்து மிச்ச டீயை ஊதி ஊதி ஆற்றிக் கொடுத்தாள்.

நீர்மாலைக்குப் போனவர்கள் குடத்தோடு திரும்பினார்கள். உடலைக் குளிப்பாட்ட வேண்டும். நேத்ராவின் தாய்மாமன் விக்னேஷ்குமார் பெண்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.

"இனியும் வச்சுக்கிட்டிருந்தா இருட்டிரும். ஆஃப் பண்ணுங்க பெட்டிக்காரரே."

நேத்ரா சுவிட்சின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினாள்.

"வேணாம்! இன்னும் வைத்தியர் வரல!"

அவள் அம்மா புவனேஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. அழுகையோடு மகளை இழுக்க எழுந்தாள். சோலைமலை கையைக் காட்டி அவளை நிறுத்திவிட்டு, தரையில் உட்கார்ந்தார். இப்போது குழந்தையின் முகமும் அவர் முகமும் நேராக இருந்தன.

"பாப்பா, இந்தப் பெட்டிக்கு யாரையும் பிழைக்க வைக்கத் தெரியாது. அப்பா சாமிகிட்டப் போயிட்டாரு. பாக்க வேண்டியவுக எல்லாரும் வந்து பாக்குற வரைக்கும் அவரு மொகத்த வாடாம வச்சிருக்கும். அம்புட்டுத்தான்."

குரல் உடையவில்லை. எப்படி என்று அவருக்கே தெரியவில்லை.

நேத்ரா பெட்டியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் தெரிந்த முகத்தைப் பார்த்தாள். அவள் கீழுதடு நடுங்கியது. கைகள் மட்டும் சுவிட்சைவிட்டு இறங்கவில்லை.

"அப்ப, எல்லாரும் வந்தப்புறம்தானே ஆஃப் பண்ணணும்?"

"ஆமா."

"சேவுகம்பட்டி சோலைமலை பெரியப்பா இன்னும் வரலையே. அப்பா கல்யாணத்துக்கும் வரல, நான் பொறந்தப்பவும் வரல. 'நான் செத்தா எங்கண்ணன் ஓடி வந்துரும்'னு அப்பா சிரிச்சுக்கிட்டே சொல்லுவாரு."

விக்னேஷ்குமார் உச்சுக்கொட்டினான். "அந்தாளு எங்க வரப் போறாரு? மச்சான் ஊர்ல இருந்தே யாரும் வரல, மொகம் எப்புடி இருக்கும்னுகூட இங்க ஒருத்தருக்கும் தெரியாது."

சோலைமலை அந்தச் சின்னக் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"அவரு வந்துட்டாரு, ஆத்தா. காலையிலயே வந்துட்டாரு."